துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினா குற்றம் குறையுமா? முதல்ல எதை எண்ணுறோம்னு பாருங்க

கேள்வி இதுதான்: எங்கயாவது பெரிய துப்பாக்கிச் சூடு நடக்குது, ஒரே நாள்ல பத்து இருபது பேர் செத்துப் போறாங்க, அரசாங்கம் உடனே சட்டத்தை இறுக்குது, அதுக்கப்புறம் வன்முறைக் குற்றம் நிஜமாவே குறையுதா? ஒருத்தர் ஆஸ்திரேலியாவைக் காட்டி குறைஞ்சுதுங்கிறார், இன்னொருத்தர் பிரிட்டனைக் காட்டி கூடித்தான் போச்சுங்கிறார், இதுல யாரை நம்புறது, அமெரிக்காவுல ஆஸ்திரேலியா மாதிரி பண்ணா நடக்குமான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டு பேரும் சொல்ற நம்பர் சரியான நம்பர்தான், யாரும் பொய் சொல்லல. ஆனா ஒருத்தர் சாவை எண்ணுறார், இன்னொருத்தர் போலீஸ் பதிவு பண்ண குற்றத்தை எண்ணுறார். என் பதிலைக் கேட்டீங்கன்னா, நல்லா யோசிச்சு எழுதி ஒழுங்கா அமல்படுத்துன சட்டம் சாவைக் குறைக்குது, அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா "வன்முறைக் குற்றம்"ங்கிற மொத்தக் கணக்குல அதைத் தேடினா பெருசா எதுவும் கண்ணுல படாது. ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

வன்முறைக் குற்றம்ங்கிற கணக்குக்குள்ள அடிதடி, வழிப்பறி, பாலியல் தாக்குதல், கொலை எல்லாத்தையும் சேத்துதான் போடுறாங்க. இதுல கொலை ரொம்பச் சின்னப் பங்கு, பெரும்பாலான நாடுகள்ல மத்த குற்றங்கள்ல துப்பாக்கியே கிடையாது, கையால அடிக்கிறது, பாட்டில், கத்தி இப்படித்தான். அதனால துப்பாக்கிச் சாவு பாதியா குறைஞ்சாலும் மொத்தக் கணக்குல அது தெரியவே தெரியாது. துப்பாக்கி என்ன பண்ணுதுன்னா, நடக்கிற சண்டைய சாவுல கொண்டு போய் முடிக்குது. 1960கள்ல ஃபிராங்க்ளின் ஜிம்ரிங்னு ஒரு சட்ட ஆராய்ச்சியாளர் சிகாகோ போலீஸ் ரெக்கார்டுகளை எடுத்து உக்காந்து பாத்தார். கத்தியால குத்தினதும் துப்பாக்கியால சுட்டதும் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆளுங்க, ஒரே மாதிரி காரணம், குடி, வாய்த்தகராறு, வீட்டுச் சண்டை, ஆனா சுடப்பட்டவங்க செத்துப்போற வாய்ப்பு குத்துப்பட்டவங்களை விட அஞ்சு மடங்கு கிட்ட இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு 2018ல பாஸ்டன் போலீஸ் ரெக்கார்டை வச்சு அந்தோணி பிராகா, ஃபிலிப் குக் ரெண்டு பேரும் இன்னும் ஒரு படி மேல போனாங்க, துப்பாக்கியோட தோட்டா அளவு பெருசாக ஆக சாவு கூடுது, சுட்டவங்க எல்லார் கையிலயும் சின்ன அளவு துப்பாக்கி மட்டும் இருந்திருந்தா கொலை கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைஞ்சிருக்கும்னு கணக்கு போட்டாங்க. கொல்லணும்னு நினைக்கிறவன் எப்படியும் கொல்லுவான்னு எல்லாரும் சொல்றோமே, அந்தப் பேச்சு அடிபடுற இடம் இதுதான், பெரும்பாலான கொலை அந்த நிமிஷக் கோவம், அப்ப கையில என்ன இருக்குங்கிறதுதான் முடிவு பண்ணுது.

இப்ப ஆஸ்திரேலியாவுக்கு வருவோம், இதைப் பத்தி நிறைய பேசுறாங்க ஆனா முழுசா பேசுறது குறைவு. 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவுல போர்ட் ஆர்தர்னு ஒரு பழைய கைதிகள் முகாம், இப்ப சுற்றுலா இடம், அங்க ஒருத்தன் 35 பேரைச் சுட்டுக் கொன்னான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி ரெண்டு மாசம் கூட ஆகல, அதுவும் அவர் வலதுசாரிக் கட்சி, கிராமப்புற ஓட்டுதான் அவர் கூட்டணிக்கு பலம், துப்பாக்கி வச்சிருக்கிறவங்களும் அவங்கதான். அங்க துப்பாக்கிச் சட்டம் மாநிலங்கள் கையில இருக்கிற விஷயம். அப்படி இருந்தும் 12 நாள்ல எல்லா மாநிலத்தையும் ஒத்துக்க வச்சார். கொதிச்சுப் போன கூட்டத்துக்கு முன்னாடி சட்டைக்குள்ள குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கிட்டு போய் பேசினார். சொந்த ஓட்டு வங்கியையே எதிர்த்து நின்ன மனுஷன், அரசியல்ல அவரோட மத்த முடிவுகள்ல எனக்கு உடன்பாடு இல்லாட்டியும் இதை மரியாதையோட தான் சொல்லணும்.

சட்டத்துல என்ன இருந்துச்சு? செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டா தானாவே ஏறிக்கிற நீளத் துப்பாக்கி), பம்ப் ஆக்ஷன் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்துறது) எல்லாம் பொதுமக்களுக்குக் கிட்டத்தட்ட தடை. இதை மட்டும்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க. எனக்கு முக்கியமா படுறது மிச்சம் இருக்கிற பகுதி: ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவு ஆகணும், வாங்க 28 நாள் காத்திருக்கணும், எதுக்கு வேணும்ங்கிறதுக்கு உண்மையான காரணம் காட்டணும், அதுல தற்காப்புங்கிறதை காரணமா ஏத்துக்கவே மாட்டாங்க, பூட்டி வைக்கிற முறைக்கும் விதி. மெடிகேர்ங்கிற அரசு மருத்துவத் திட்டத்துக்கான வரியை ஒரு வருஷத்துக்கு 1.5 சதவீதத்துலேர்ந்து 1.7 சதவீதமா ஏத்தி அந்தக் காசுல சுமார் 6.5 லட்சம் துப்பாக்கியை அரசாங்கமே விலை கொடுத்து வாங்கி நசுக்கிப் போட்டாங்க.

பலன்? 1979லேர்ந்து 1996 வரைக்கும் 18 வருஷத்துல, அஞ்சு பேர் அல்லது அதுக்கு மேல செத்த துப்பாக்கிச் சூடு அங்க 13 நடந்துச்சு. அடுத்த பத்து வருஷத்துல ஒண்ணு கூட இல்ல. 2018ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு பண்ணை வீட்டுல ஒரே குடும்பத்துல 7 பேர் செத்தது மாதிரி சில நடந்திருக்கு, ஆனா பழைய வேகத்துல இல்ல. 2025 டிசம்பர்ல சிட்னி பாண்டை கடற்கரையில யூதர்களோட ஹனுக்கா விழாவுல 15 பேரைக் கொன்னாங்களே, அதுல சுட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் கிட்ட லைசன்ஸ் இருந்துச்சு, ஒருத்தருக்கு எத்தனை துப்பாக்கி வரை கொடுக்கலாம்ங்கிற கேள்விய 30 வருஷம் சரியா கவனிக்காம விட்டதுக்கு விலை அது. சட்டம் போட்டாச்சுன்னு விட்டுட்டா கொஞ்சம் கொஞ்சமா அது நழுவும்.

இப்ப எதிர்த்தரப்பு வாதம், அதையும் ஒழுங்கா சொல்லணும். ஆஸ்திரேலியாவுல துப்பாக்கிச் சாவு 1996க்கு முன்னாடியே குறைஞ்சிட்டுதான் இருந்துச்சு. சட்டத்துக்கப்புறம் குறையுற வேகம் கூடுச்சு, ஆனா அதே சமயத்துல துப்பாக்கி இல்லாத கொலையும் தற்கொலையும் கூட குறைய ஆரம்பிச்சுது, அப்ப எல்லாத்தையும் சட்டத்தோட கணக்குல எழுத முடியுமா? 2016ல வந்த ஒரு பெரிய ஆய்வு, சட்டத்தை ஆதரிக்கிற ஆராய்ச்சியாளர்களே எழுதினது, இதைத்தான் சொல்லுச்சு, இதுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியலன்னு. கொலையைப் பொறுத்தவரை நானும் அதை ஏத்துக்கிறேன், அங்க கொலை எண்ணிக்கையே கம்மி, கம்மியான எண்ணிக்கையில ஏற்ற இறக்கத்தைப் பிரிச்சுப் பாக்கிறது கஷ்டம். ஆனா துப்பாக்கியால நடக்கிற தற்கொலையில விழுந்த அடி பெருசு. ஆண்ட்ரூ லீ, கிறிஸ்டின் நீல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மாநிலம் மாநிலமா பிரிச்சுப் பாத்தாங்க, எங்க அதிகமா துப்பாக்கி திரும்ப வாங்கினாங்களோ அங்கதான் சாவும் அதிகமா குறைஞ்சிருந்துச்சு. நாடு முழுக்க பொதுவா எதுவோ மாறிடுச்சுன்னு சொல்றவங்களுக்கு இந்த மாநில வித்தியாசத்தை விளக்கிறது சுலபம் இல்ல.

பிரிட்டன் கதை வேற மாதிரி. 1987ல ஹங்கர்ஃபோர்டுல 16 பேர் கொல்லப்பட்டப்ப செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைத் தடை பண்ணாங்க, கைத்துப்பாக்கிய விட்டுட்டாங்க. 1996 மார்ச் 13, ஸ்காட்லாந்துல டன்பிளேன் ஆரம்பப்பள்ளிக்குள்ள ஒருத்தன் நாலு கைத்துப்பாக்கியோட நுழைஞ்சு 16 குழந்தைங்களையும் அவங்க டீச்சரையும் கொன்னான். நாலுமே சட்டப்படி வாங்கினது. பெத்தவங்களும் பக்கத்து ஊர்க்காரங்களும் சேந்து ஸ்னோடிராப்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு 7 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கினாங்க. விசாரணை கமிஷன் முழுத் தடையைப் பரிந்துரைக்கல, ஆனாலும் 1997ல ரெண்டு சட்டம் போட்டு, முதல்ல பெரிய அளவு கைத்துப்பாக்கி, அப்புறம் .22ங்கிற சின்னத் தோட்டா அளவும் சேத்து மொத்தமா தடை பண்ணிட்டாங்க. சுமார் 1.6 லட்சம் கைத்துப்பாக்கி அரசாங்கத்துக்கிட்ட வந்து சேந்துச்சு.

அதுக்கப்புறம் நாலு வருஷத்துல இங்கிலாந்து வேல்ஸ்ல கைத்துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றப்பதிவு ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. துப்பாக்கி ஆதரவாளர்கள் எங்க போனாலும் காட்டுற நம்பர் இது. நம்பர் உண்மை, ஆனா அதை வச்சு சொல்ற முடிவு தப்பு. 1997ல துப்பாக்கியைக் கொண்டு வந்து கொடுத்தது ஷூட்டிங் கிளப் மெம்பர்ங்க, அவங்க யாரும் தெருவுல வழிப்பறி பண்றவங்க இல்ல. தெருவுல கும்பல்கள் கையில இருந்தது கடத்தி வந்ததும், பாக்க நிஜத் துப்பாக்கி மாதிரி இருக்கிற போலியும், கேஸ் நிரப்பின ஏர் பிஸ்டலை நிஜத் தோட்டா சுடுற மாதிரி மாத்தினதும் தான், இது எதையும் 1997 சட்டம் தொடவே இல்ல. கூடவே 1998லயும் 2002லயும் போலீஸ் குற்றத்தை எண்ணுற விதியையே மாத்தினாங்க, அதுலயும் கணக்கு ஏறும். 2003ல அந்த ஏர் பிஸ்டலைத் தடை பண்ணி, சட்டவிரோதமா துப்பாக்கி வச்சிருந்தா குறைஞ்சது 5 வருஷம் ஜெயில்னு கொண்டு வந்தாங்க, 2006ல போலித் துப்பாக்கி மேல கை வச்சாங்க, உள்ளூர் போலீஸ் குறிப்பிட்ட கும்பல்களைக் குறி வச்சு வேலை பாத்தாங்க, அதுக்கப்புறம் தான் எண்ணிக்கை வருஷக்கணக்கா இறங்குச்சு. அப்ப 1997 சட்டம் வீணா? டன்பிளேன் மாதிரி பள்ளிக்கூடத்துல இன்னொண்ணு அங்க நடக்கல, அந்தச் சட்டம் வந்தது அதுக்குத்தான். கும்பல் வன்முறைக்கு மருந்து வேற, அதை வேற யாரோ தயாரிக்க வேண்டியிருந்துச்சு.

இதுலேர்ந்து வர்ற விஷயம்தான் என் பதிலோட மையம். கூட்டக்கொலைக்கு அப்புறம் வர்ற சட்டம் பெரும்பாலும் அந்தக் கொலைகாரன் கையில இருந்த ஆயுதத்தைக் குறி வைக்குது, தினசரி கொலை நடக்கிறது வேற ஆயுதத்தால, வேற வழியில கிடைச்ச ஆயுதத்தால. அமெரிக்காவை எடுத்துக்கோங்க, 2021ல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,000க்கு மேல தற்கொலை, கிட்டத்தட்ட 21,000 கொலை. கூட்டக்கொலையில சாகிறது இதுல 100க்கு 1 அளவுதான். எந்த வகைத் துப்பாக்கின்னு தெரிஞ்ச கொலைகள்ல எல்லா வகை ரைஃபிளையும் சேத்தாலும் ரொம்பச் சின்னப் பங்கு, மிச்சம் பெரும்பாலும் கைத்துப்பாக்கி. 1994லேர்ந்து 2004 வரைக்கும் இருந்த அசால்ட் வெப்பன் (ராணுவத் துப்பாக்கி மாதிரி அமைப்புள்ள செமி ஆட்டோமேட்டிக்) தடையால மொத்தக் கொலை குறையலன்னு சொல்றாங்க, குறையாது தான், அது தொட்டது அந்தச் சின்னப் பங்கை, அதுலயும் ஏற்கனவே மக்கள் கையில இருந்ததை அப்படியே வச்சுக்கோன்னு விட்டுட்டாங்க, கம்பெனிங்களும் பிடி, முனை இப்படி வெளித்தோற்றத்துல நாலு மாத்தம் பண்ணி அதே துப்பாக்கியை வித்தாங்க. அந்தச் சட்டத்துல உருப்படியான பகுதி மேகசின்ல, அதாவது துப்பாக்கியில மாட்டுற தோட்டாப் பெட்டியில, 10 தோட்டாவுக்கு மேல கூடாதுங்கிறது, ஏன்னா கூட்டத்துல சுடுறவன் மேகசின் மாத்துற அந்த சில நொடியிலதான் ஜனங்க ஓடித் தப்பிக்கிறாங்க, அவனைப் பிடிச்சும் அமுக்கியிருக்காங்க.

தினசரி கொலையைத் தொட்ட சட்டம் எதுன்னு பாத்தா, செய்தியில அவ்வளவா வராத ஒண்ணு இருக்கு. கனெக்டிகட் மாநிலம் 1995ல கைத்துப்பாக்கி வாங்க முன்கூட்டியே பெர்மிட் எடுக்கணும்னு கொண்டு வந்துச்சு, பயிற்சி, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. அடுத்த பத்து வருஷத்துல துப்பாக்கிக் கொலை, சட்டம் இல்லாம இருந்திருந்தா இருக்கக்கூடிய அளவை விட 40 சதவீதம் குறைஞ்சதுன்னு முதல் ஆய்வு சொல்லுச்சு, பின்னாடி வேற முறையில திரும்பக் கணக்குப் போட்டப்ப 28 சதவீதம்னு வந்துச்சு. மிசூரி மாநிலம் இதுக்கு நேர் எதிர், ரொம்ப காலமா இருந்த பெர்மிட் முறையை 2007ல எடுத்துட்டாங்க, துப்பாக்கிக் கொலை 20 சதவீதத்துக்கு மேல கூடுச்சு. ஒரே விதி, ஒரு இடத்துல போட்டப்ப குறையுது, இன்னொரு இடத்துல எடுத்தப்ப கூடுது, இந்த மாதிரி ரெண்டு பக்கமும் பொருந்தி வர்றது சமூக ஆராய்ச்சியில அபூர்வம். வாங்கக் காத்திருக்கிற விதிகளும் இதே மாதிரிதான், 2017ல வந்த ஒரு ஆய்வு துப்பாக்கிக் கொலை சுமார் 17 சதவீதம் குறையுதுன்னு காட்டுச்சு. கோவம் தணியிற நேரம் தான் இதுல வேலை செய்யுது.

தற்கொலையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறேன்னு சிலர் கேப்பாங்க, குற்றம் தானே பேச்சுன்னு. செத்தவங்க வீட்டுல உக்காந்து பாத்தா அந்தப் பிரிவினைக்கு அர்த்தம் இல்ல, அதோட சட்டம் அதிகமா உயிரைக் காப்பாத்துறதும் இங்கதான். இஸ்ரேல் ராணுவம் 2006ல ஒரு சின்ன மாத்தம் பண்ணுச்சு, வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போற சிப்பாய்ங்க துப்பாக்கியை முகாம்லயே விட்டுட்டுப் போகணும்னு. தற்கொலை 40 சதவீதம் குறைஞ்சுது, குறைஞ்சது பூரா வார விடுமுறை நாட்கள்ல, மத்த நாட்கள்ல பெரிய மாத்தம் இல்ல. வேற வழி தேடிப் போவாங்கன்னு நினைக்கிறோம், ஆனா பெரும்பாலானவங்க போகல.

நியூசிலாந்து வேகத்துக்கு உதாரணம். 2019 மார்ச் 15 கிறைஸ்ட்சர்ச்சுல ரெண்டு மசூதியில ஒருத்தன் 51 பேரைச் சுட்டுக் கொன்னான், 6 நாள்ல செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிக்குத் தடை அறிவிப்பு, ஒரு மாசத்துக்குள்ள நாடாளுமன்றத்துல 119க்கு 1 ஓட்டுல சட்டம், 56,000 துப்பாக்கி கிட்ட திரும்ப வாங்கினாங்க. ஆனா பின்னாடி விசாரணை கமிஷன் கண்டுபிடிச்சது என்னன்னா அந்தக் கொலைகாரனுக்கு லைசன்ஸ் கொடுத்ததே ஒழுங்கா விசாரிக்காம, அவனைப் பத்தி நற்சான்று சொன்னது ஆன்லைன் கேம்ல பழக்கமான ஒரு ஃபிரெண்டும் அந்த ஃபிரெண்டோட பெத்தவர் ஒருத்தரும். பிரிட்டன்ல 2021ல பிளிமத்துல 5 பேரைக் கொன்னவன் விஷயம் இன்னும் மோசம், ஒரு அடிதடிக்காக அவன் ஷாட்கனையும் லைசன்ஸையும் போலீஸ் பறிமுதல் பண்ணி வச்சிருந்து சம்பவத்துக்கு சில வாரம் முன்னாடி திருப்பிக் கொடுத்துட்டாங்க. உலகத்துலயே கடுமையான சட்டங்கள்ல ஒண்ணு இருக்கிற நாட்டுல, ஒரு ஆபீஸ் மேஜையில ஒரு ஃபைல் தப்பா கையெழுத்தாகி 5 உயிர் போச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் மனசு ஆறல.

எல்லையும் ஒரு விஷயம். கனடாவுல 2020 ஏப்ரல்ல நோவா ஸ்கோஷியாவுல 22 பேரைக் கொன்னவன் கிட்ட லைசன்ஸே கிடையாது, துப்பாக்கியில பெரும்பகுதி அமெரிக்காவுலேர்ந்து கடத்தி வந்தது, அடுத்த மாசம் அரசாங்கம் 1,500 மாடலைத் தடை பண்ணது சட்டப்படி வாங்கினவங்களைத்தான் பாதிச்சுது. மெக்சிகோவுல சட்டப்படி துப்பாக்கி விக்கிறது ராணுவம் நடத்துற கடை மட்டும்தான், அப்படியும் அங்க என்ன நடக்குதுன்னு தெரியும், வடக்கு எல்லையைத் தாண்டி வந்துட்டே இருக்கு. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தா நம்ம வீட்டுப் பூட்டு பாதிதான் வேலை செய்யும்.

கடைசியா நீங்க கேட்டது, அமெரிக்காவுல ஆஸ்திரேலியா மாதிரி நடக்குமா? அப்படியே நடக்காது. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே அமைப்போட 2017 கணக்குப்படி அங்க மக்கள் கையில 39 கோடிக்கு மேல துப்பாக்கி, ஜனத்தொகையை விட அதிகம். ஆஸ்திரேலியா வாங்கினது இருந்ததுல அஞ்சுல ஒரு பங்குன்னு ஒரு மதிப்பீடு, அதே பங்கு அமெரிக்காவுல 7 கோடியைத் தாண்டும். அதோட அங்க கூட்டக்கொலைக்கு அப்புறம் நடக்கிறது பல தடவை நேர் எதிர். 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் பள்ளியில 20 குழந்தைங்களும் 6 பெரியவங்களும் செத்தப்ப, தடை வந்துரும்னு பயந்து மக்கள் ஓடி ஓடி வாங்கினதுல வழக்கத்தை விட 30 லட்சம் துப்பாக்கி கூடுதலா வித்துச்சு, அந்த மாசங்கள்ல தவறுதலா வெடிச்சு சுமார் 60 பேர் கூடுதலா செத்தாங்க, அதுல மூணுல ஒரு பங்கு குழந்தைங்க. மாநிலங்கள்லயும் பாருங்க, ரிபப்ளிகன் கட்சி கையில இருக்கிற சட்டசபைகள் கூட்டக்கொலைக்கு அடுத்த வருஷம் துப்பாக்கி விதியைத் தளர்த்துற சட்டங்களைத்தான் வழக்கத்தை விட அதிகமா போடுதுன்னு ஆய்வு இருக்கு. விதிவிலக்கு உண்டு, 2018ல பார்க்லாண்ட் பள்ளியில 17 பேர் செத்தப்ப அதே கட்சி ஆண்ட ஃபுளோரிடா மூணு வாரத்துல வாங்குற வயசை 21 ஆக்கி, ஆபத்தானவங்க கிட்டேர்ந்து கோர்ட் மூலமா துப்பாக்கியை எடுக்கிற சட்டமும் கொண்டு வந்துச்சு.

2022ல சுப்ரீம் கோர்ட் ப்ரூயன் வழக்குல கொடுத்த தீர்ப்புக்கு அப்புறம் புதுச் சட்டம் எது வந்தாலும் பழைய வரலாற்றுல அதுக்கு முன்னுதாரணம் காட்டணும்னு ஆயிடுச்சு, அதனால பெரிய தடைகளுக்கு இடம் சுருங்கிடுச்சு. ஆனா 2024ல ரஹிமி வழக்குல 8க்கு 1னு, குடும்ப வன்முறைக்காக கோர்ட் தடை உத்தரவு வாங்கினவன் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுங்கிறதை அதே கோர்ட் உறுதி பண்ணுச்சு. இது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா அமெரிக்காவுல நாலு பேர் அல்லது அதுக்கு மேல செத்த துப்பாக்கிச் சூடுகளை எடுத்துப் பாத்தா பாதிக்கும் மேல குடும்ப வன்முறையோட தொடர்பு உள்ளது, மனைவி, முன்னாள் மனைவி, பிள்ளைங்கதான் முதல்ல சாகுறாங்க. என்னைக் கேட்டா அடுத்த சட்டத்தோட கவனம் இங்கதான் வரணும். இப்ப இருக்கிற ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுக்கப் பொருந்துற மத்திய சட்டம், அவன் வச்சிருக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லுது, ஏற்கனவே வீட்டுல இருக்கிறதை யார் போய் வாங்கணும், எத்தனை நாளுக்குள்ள, கொடுக்கலன்னா என்ன பண்றதுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல, அதை மாநிலங்களுக்கு விட்டுட்டாங்க, நிறைய மாநிலத்துல யாரும் போறதில்ல.